பென்சிலில் கட்டிய பதினாறு நாட்கள்

அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் தேதி இல்லாமல் எதுவும் கிடையாது. கயிற்றுக்கு எண்ணெய் விட்டால் தேதி, பிரேக் கட்டை மாற்றினால் தேதி. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் பெட்டிக்குள் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மனைவி உண்டாகியிருப்பதாகச் சொன்ன அன்று அவன் சந்தோஷத்தில் குதிக்கவில்லை. கடைக்குப் போய்ச் சுவர்க் காலண்டர் ஒன்று வாங்கி வந்து, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, அந்த வாரத்தின் மேல் '1' என்று பேனாவால் எழுதினான்.

"எதுக்கு ஒண்ணு?" என்றாள் அவள்.

"புகார் வந்த நாள்தான் வேலைக்கு முதல் நாள்."

"நான் புகாரா?"

"தொழில் பேச்சும்மா, விடு."

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டாள். காலையில் வாந்தி எடுக்கிறவளுக்கு நம்பரோடு சண்டை போடத் தெம்பு ஏது? அவள் வாங்கிய புத்தகத்தில் எந்த வாரம் குழந்தை எந்தப் பழம் அளவு இருக்கும் என்று படம் போட்டிருந்தது. அவனுக்குப் பழக் கணக்கு பிடிபடவில்லை. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு தனக்குப் புரிகிற சாமானாக மாற்றிக் கட்டத்தில் எழுதினான்: 'ஸ்க்ரூ தலை'. அடுத்த வாரம் 'வாஷர்'.

மூன்றாம் வாரம் ஸ்கேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "எட்டு வாரம். துடிப்பு நல்லா இருக்கு" என்றார்.

"இல்லீங்க டாக்டர், மூணு வாரம். எழுதி வச்சிருக்கேன்."

பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வரும் என்று நம்புகிற ஆட்களை அவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தார் டாக்டரம்மா. "உங்களுக்குத் தெரிஞ்சு மூணு வாரம். கணக்குக்கு எட்டு வாரம்" என்றவர், அடுத்த பேரைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். அவன் பழைய எண்களை அடித்துவிட்டு, எட்டு வாரம் பின்னால் எண்ணிப் போனான். முதல் நாள் வந்து விழுந்த இடத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. அந்தச் சமயம் அவன் வேறு ஊரில் இருந்தான். புது ஹோட்டலுக்கு லிஃப்ட் மாட்ட ஆள் போதவில்லை என்று கம்பெனி அனுப்பியிருந்தது. மொத்தம் பதினாறு நாள். அந்தப் பதினாறையும் பென்சிலால் மெல்லிசாகக் கட்டம் கட்டினான். டாக்டர் கணக்குப்படி குழந்தை தொடங்கியது நாலாம் நாள். அவன் திரும்பி வந்து வீட்டுப் படி மிதிக்க அப்போது இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.

முன்னால் எண்ணினான். பின்னால் எண்ணினான். கால்குலேட்டரில் போட்டான். எப்படிப் போட்டாலும் அவன் ஊரில் இல்லை.

ஒன்பதாம் வாரமும் பத்தாம் வாரமும் கட்டத்தில் வெறும் எண் மட்டும் ஏறியது. சாமான் பெயர் நின்றுபோனது. அவள் கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றான். ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் வேலை ஓடவில்லை. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் அவன் சரிபார்த்துவிட்டு வந்த லிஃப்ட், எல்லா மாடியிலும் அரை அடி கீழேயே நின்றது. கூட வேலை பார்ப்பவனுக்கு, அவன் சட்டையைப் பார்த்து வைத்த பெயர் கிரீஸ். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"யோவ், ஜனங்க ஏறி வர்றதா, குதிச்சு வர்றதா? உனக்கு என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? அப்பன் ஆகப் போறவன் மாதிரியா இருக்க?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டான்.

பன்னிரண்டாம் வாரம் தாங்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா மூன்று பெற்றவள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். வாய் நிறைய ஊசி வைத்துக்கொண்டும் தெளிவாகப் பேசுவாள்.

"அக்கா, என்கூட வேலை பாக்கற ஒருத்தன்..." என்று ஆரம்பித்தான்.

"ம்."

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. டாக்டர் சொன்ன வாரத்தை எண்ணிப் பாத்தா, அவன் அப்ப ஊர்லயே இல்ல."

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். ஒவ்வொரு ஊசியாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"எத்தனை நாள் ஊர்ல இல்ல, உன்கூட வேலை பாக்கறவன்?"

"பதினாறு."

"ஹோட்டலுக்கு லிஃப்ட் மாட்டப் போனானா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"மடப்பயலே. டாக்டருங்க கடைசியா பீரியட்ஸ் வந்த முதல் நாள்ல இருந்து எண்ணுவாங்கடா. நிஜமா கரு தங்கறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. முதல் ரெண்டு வாரம் வயித்துல ஒண்ணுமே கிடையாது. ஊருக்கே தெரியும்."

"ஒண்ணுமே இல்லாததை எதுக்கு எண்ணணும்?"

"போய் டாக்டர்கிட்ட சண்டை போடு."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹோட்டலில் நாலாம் நாள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது அவள் போன் செய்தாள். வயிறு வலிக்குது, வெந்நீர்ப் பை எங்கே வச்சிருக்கோம் என்று கேட்டாள். அலமாரி மேல்தட்டு என்று சொன்னதே அவன்தான். அன்றே பதில் கையில் இருந்திருக்கிறது. நாலு வாரமாக அவன்தான் முட்டாளாகத் திரிந்திருக்கிறான்.

"அவகிட்ட சொல்லிடாதக்கா."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ கட்டம் கட்டி வச்சிருப்பியே, அது சொல்லும்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். நாலு நிறுத்தம், நாலும் யுகம். வீட்டுக்குள் நுழையும்போது அவள் காலண்டர் முன்னால் நின்றிருந்தாள். கடையில் லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடி அவள் கையில் இருந்தது.

"இந்தப் பதினாறு நாளை எதுக்குக் கட்டம் கட்டியிருக்கீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்றுதான் பேசுவாள். மரியாதை ஏறினால் ஆபத்து என்று அர்த்தம்.

பொய் சொல்லப் பார்த்தான். நாக்கு எழவில்லை. அக்கா வீட்டுக்குப் போனதுவரை எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கண் கலங்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சரி. யாருன்னு நினைச்சீங்க?"

"அதெல்லாம் வேணாமே."

"யாராவது ஒரு ஆளை நினைச்சிருப்பீங்கல்ல. சொல்லுங்க."

"உங்க கடைல... கண் டெஸ்ட் பண்றவரு."

அதுவரை கல்லாக இருந்த முகம் அப்போதுதான் சிவந்தது.

"அந்தாளா? 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா'ன்னு நாள் பூரா கேட்டுட்டு, டீயா காபியான்னு முடிவு பண்ணக் கால் மணி நேரம் எடுப்பானே, அவனா? என்னைச் சந்தேகப்பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு கேவலமாவா என் ரசனையை எடை போட்டீங்க?"

"தப்புதான்."

"எது தப்பு?"

"ரெண்டும்."

அடுத்த எட்டு வாரமும் வீட்டில் 'நீங்க' தான். சாப்பிடுறீங்களா, விளக்கை அணைக்கிறீங்களா, கொஞ்சம் நகர்றீங்களா. காலண்டர் அவள் கைக்குப் போய்விட்டது. எண்ணை அவள் எழுதுவாள். சாமான் பெயர் மட்டும் அவன் வாயால் சொல்லலாம். இருபதாம் வாரத்துக்கு அவன் 'பைப் ரெஞ்சு' என்றபோது, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியதைப் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே ஸ்கேனுக்குப் போனார்கள். டாக்டரம்மா திரையில் இங்கும் அங்கும் கோடு இழுத்து அளந்தார்.

"நல்ல வளர்ச்சி. ஒரு வாரம் கூடவே காட்டுது."

படுத்திருந்தவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப, பின்னாடி கட்டியிருக்கற கையை முன்னாடி கொண்டாங்க. விரல் எல்லாம் நேரா இருக்கான்னு பாக்கணும்."

கையை நீட்டினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாள் எண்ணியபடியே மடங்கியிருந்தன.

"நீ திருந்தவே மாட்ட" என்றாள்.

எட்டு வாரம் கழித்து வந்த 'நீ'. அவன் அவசரமாக விரல்களை நிமிர்த்தினான்.