கிணற்றுக்கு மேற்கு

மேகமலை ஏலத்தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் களையெடுத்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கீழே இறங்கினாள் சந்தனம்மாள். சுருளிப்பட்டியில் சொந்தமாக ஒரு ஏக்கர், அதில் இறைக்க ஒரு கிணறு. அவள் ஆசை அவ்வளவுதான். தேனி பஜாரில் பருத்தி வியாபாரம் பார்த்த ஞானதுரை, லாரி வாங்கப் பணம் வேண்டி, கிணறும் மோட்டாரும் உள்ள தன் தோட்டத்தில் ஒரு ஏக்கரை விற்கப்போவதாகச் சொன்னார். அவள் புருஷன் சீனிச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

விலை பேசுமுன் ஒப்பந்த நகலை வாசித்தே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முதலாளியைச் சந்தேகப்பட்டால் நிலம் கைநழுவிவிடும் என்று சீனிச்சாமி கெஞ்சினான். கங்காணிகளுக்குத் தலையாட்டியே பழகிய மனுஷன், பாவம். அவள் நகலோடு நேரே தோட்டத்துக்குப் போய், அதில் சொன்ன நாலு எல்லையையும் நடந்து பார்த்தாள். ஓடைக்கு வடக்கு, சரி. ராக்கப்பன் புஞ்சைக்குக் கிழக்கு, சரி. வண்டிப்பாதைக்குத் தெற்கு, அதுவும் சரி. கடைசியாக, கிணற்றுக்கு மேற்கு. அங்கே அவள் நடையை நிறுத்தினாள்.

"அதான் கிணறுன்னு எழுதியிருக்காகளே, பெறகென்ன?" என்றான் பின்னாலேயே வந்த சீனிச்சாமி.

எழுதிய இடம்தான் வில்லங்கம். ஏலத்தோட்டத்தில் கங்காணி 'பாறைக்கு மேற்கே உன் வேலை' என்றால், பாறையைச் சுற்றியுள்ள களை அடுத்தவள் பாடு. அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பாள்! எல்லையாகச் சொன்னது எல்லைக்கு வெளியே. கிணறு ஞானதுரைக்கு, காய்ந்த மண் இவர்களுக்கு. பன்னிரண்டு வருஷம் அட்டைக்கடி பட்டது இதற்குத்தானா?

மறுநாள் கடையில் ஞானதுரை, எவ்வளவு தருவீர்கள் என்று சிரித்தபடி கேட்டார். சந்தனம்மாள் நகலை மேஜைமேல் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இதுல உள்ளபடின்னா மானாவாரி வெலதான் அண்ணாச்சி. கெணத்தையும் மோட்டாரையும் எங்களுக்குள்ள சேத்து எழுதுங்க. தோட்ட வெல பேசுறேன்."

ஞானதுரையின் சிரிப்பு நின்றது. எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று மழுப்பினார். அவள் விரலை எடுக்கவில்லை. மானாவாரி விலைக்கு லாரியின் சக்கரம்கூட வராது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பேனாவைத் திறந்தார். அந்த வரியை அடித்துவிட்டு, 'கிணற்றுக்கு அப்பாலுள்ள வரப்புக்கு மேற்கு, கிணறும் மோட்டாரும் உள்பட' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

சந்தனம்மாள் இரண்டு தரம் வாசித்தாள். மனசு நிறைந்து வழிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பேசுவோம் அண்ணாச்சி."

அதுவரை கைகட்டி நின்ற சீனிச்சாமி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அவனும் உட்கார்ந்தான்.