குளியலறைத் தரைக்குக் கீழே

ஸ்பெயினில் எங்கள் எசிஹா ஊரில் வீட்டுத் தரையைத் தோண்ட எல்லோருக்கும் பயம். எங்கே தோண்டினாலும் பழங்காலம் கிளம்பி வரும். அரசேலி குழாய் மாற்றத்தான் குளியலறையைத் தோண்டச் சொன்னாள். முழங்கை ஆழத்தில் வண்ணக் கற்கள் பதித்த ஒரு பெண் முகம் தெரிந்தது. ரோமானியர் காலத்துத் தரை.

கொத்தனார் குர்ரோ நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, நான் எதையும் பாக்கல. ரெண்டு சட்டி சிமென்ட் போட்டு மூடிடலாம். தொல்லியல்காரங்க வந்தா நீங்க குளிக்க வருஷமாகும்."

அரசேலி குனிந்து ஈரத் துணியால் அந்த முகத்தைத் துடைத்தாள். அதன்மேல் சிமென்ட் கொட்டச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தொல்லியல் துறைக்குத் தானே போன் செய்தாள்.

வந்தவர்கள் குளியலறையைப் பூட்டினார்கள். ஆகஸ்ட் வெயிலில் நான்கு நாள் குளிக்காமல் சமாளித்தவள், ஐந்தாம் நாள் துண்டோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அது அண்ணி என்கார்னாவின் வீடு. அரசேலியின் அம்மா விட்டுப்போன பட்டுச் சால்வை யாருக்கு என்ற சண்டையில் இருவரும் பேசி ஆறு வருடமாகியிருந்தது.

"குளிக்கணும் அண்ணி."

"நாலு நாளா நீ எப்ப வருவேன்னு பாத்துட்டிருக்கேன். நாத்தம் தாங்கல, உள்ள வா."

பதினான்கு மாதம் அப்படியே போனது. குளித்து முடித்தால் காப்பி, காப்பி முடிந்தால் பேச்சு. சால்வையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

தரையைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்த அன்று இருவரும் சேர்ந்தே போனார்கள். என்கார்னா அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இவளுக்காகவா என் வெந்நீரையெல்லாம் தீத்த?"

"ஆமா."

"அழகாத்தான் இருக்கா. நீ மட்டும் இவளை சிமென்ட் போட்டு மூடியிருந்தா, உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."