மூன்றாம் பூச்சு

இந்த வீட்டை வாங்கும்போது என் கை மனுஷக் கையாகத்தான் இருந்தது. இப்போது லேப்பில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரல்களைப் பார்க்கிறார்கள். நகக்கண்ணில் சிமெண்ட். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நான் கையுறையை மாட்டிய பிறகுதான் அவர்களுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. பகலெல்லாம் அறுபது பேர் கையில் ஊசி குத்துகிறேன். மாலையில் வீட்டுக்கு வந்து உளியால் சுவரைக் குத்துகிறேன். குத்தியே காலம் போகிறது.

என் வீட்டுக்காரருக்குப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை. வேலை என்றால் உட்கார்ந்து பார்ப்பதுதான். பின்னால் பளீரென்று விளக்கு எரியும், முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக ஓடும். கீறல் விட்டது, குமிழி விழுந்தது, கழுத்து கோணலானது என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒதுக்க வேண்டும். பதினேழு வருஷமாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட ஆளோடு சேர்ந்து ஒரு பழைய வீட்டைச் சொந்தக் கையால் சரிசெய்யக் கிளம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகிவிட்டது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம், மாலையில் வந்ததும் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள். ஆள் வைத்துச் செய்ய எங்களுக்கு வசதி கிடையாது. சமையலறை முடிந்தது. மாடி ஒழுகுவது நின்றது. குளியலறைக் குழாய் இரண்டு தடவை எங்களை நனைத்துவிட்டு மூன்றாம் தடவை வழிக்கு வந்தது. கீழே பின்பக்கத்து அறை மட்டும் பாக்கி. அந்த அறை இவருடைய அக்காவுக்கு.

வாயால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வரும்போது மட்டும் மனசுக்குள் நாத்தனார் என்று சொல்லிக்கொள்வேன். கோபம் வரும்படி அவர் எதுவும் செய்ததில்லை என்பது வேறு விஷயம். இவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது இருபது. சட்டை தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்து பொத்தான் துளை தைத்தார். முப்பது வருஷம் துளை மட்டும்தான். தம்பியைப் படிக்க வைத்தார், எனக்குக் கட்டி வைத்தார், தான் கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டார். இப்போது கண் முக்கால்வாசி போய்விட்டது. எதிரில் ஆள் வந்து நின்றால் நிழல் மாதிரி தெரியும். யாரென்று குரல் கொடுத்தால்தான் தெரியும். ஊரின் மறுமுனையில், இரண்டாவது மாடியில், ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"வீடு முடிஞ்சதும் நீ எங்ககூட வந்துடுக்கா" என்று சாவி கைக்கு வந்த அன்றே இவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்வார்.

"எவ்வளவு முடிஞ்சிருக்குடா?"

"இன்னும் கொஞ்சந்தான்க்கா."

இந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருக்கிற இன்னொரு ஆள். போகிறேன் என்று சொல்லும், போகாது.

பின்பக்கத்து அறைக்கு நாங்கள் போட்ட முதல் பூச்சு நிஜமாகவே சரியில்லை. ஈரம் ஏறி, கையோடு உதிர்ந்தது. அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அடியில் ஈரம் வராமல் சரிசெய்துவிட்டு இரண்டாம் பூச்சு போட்டோம். அது நன்றாக வந்தது. நன்றாக வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், மயிரிழை மேடுகூட மலை மாதிரி நிழல் விடும். அப்படிப் பார்த்தால் எந்தச் சுவர் தப்பும்? எந்த மனுஷர்தான் தப்புவார்?

"இங்க பாரேன்" என்றார். "அலை அலையா இருக்கு. டார்ச்சை அப்படியே பிடி."

பிடித்தேன். அவர் உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். நல்ல பூச்சு அவ்வளவு சுலபத்தில் வராது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்னச் சில்லாகத்தான் வந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் பூச்சுக்கு ஆறு வாரம் ஆனது. மணலைச் சலித்துச் சலித்து என் தலைமுடியில் மணல், காதில் மணல், படுக்கையில் மணல். சுவர் நேராக நிற்கிறதா என்று இவர் மூலைக்கு மூலை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்து, எடுத்து, திருப்பி வைத்தார். நான் சாந்து குழைத்துக் கொடுக்க அவர் பூசினார். அவருக்குத் தோள் பிடித்துக்கொண்ட நாட்களில் நான் பூசினேன், அவர் குழைத்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணி, இன்னும் கொஞ்சம், போதும், அவ்வளவுதான். லேப்பில் ஒருநாள் ஒரு பெரியவர் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே நின்றபடி தூங்கியிருக்கிறேன். அவர்தான் "ஏம்மா, எனக்குத் தூக்கம் வந்தா நியாயம், உனக்கு வருதே" என்று எழுப்பினார்.

நாலு சுவரும் முடிந்தன. ஒரு வாரம் தண்ணீர் அடித்துக் காயவிட்டோம். வெள்ளை மட்டும் அடித்தால் போதும். எனக்கு அந்தச் சுவர்களைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது உள்ளே போய் ஒருமுறை தடவிவிட்டுப் போவேன்.

வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவில் திரும்பும்போதே உளிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீடாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். எங்கள் வீடுதான். ஜன்னல் இருக்கிற சுவர், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, செங்கல் தெரிய நின்றது. கீழே முழங்கால் உயரத்துக்குக் குவியல். இவர் பவுடர் டப்பாவில் விழுந்தவர் மாதிரி வெள்ளையாக நின்றார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"உள்ள காலியா இருக்கு. தட்டினா டொப்புனு சத்தம் வருது."

மிச்சமிருந்த சுவர்களை நான் தட்டினேன். ஒன்று விடாமல் தட்டினேன். கெட்டியான சத்தம்.

"எங்க காலி? உங்க மண்டையிலயா?"

எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதுவும் பாதியிலேயே நின்றுவிட்டது. மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். இவருக்குக் கையெல்லாம் தூசி என்பதால் போனை ஜன்னலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். இந்தத் தடவை அக்கா எவ்வளவு முடிந்தது என்று கேட்கவில்லை.

"தம்பி, நான் ஒரு இடம் பாத்துட்டேன்டா. பார்வை இல்லாதவங்க விடுதி. கீழ்த்தளத்துலயே ரூம் குடுக்கறாங்க. செவ்வாக்கிழமை மூணு மணிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் வேலைக்கும் போயிட்டு, இதையும் கட்டிட்டு மாரடிக்க வேணாம். உடம்பைப் பாத்துக்கோங்க."

"இல்லக்கா, இன்னும் கொஞ்சந்தான்..." என்றார் இவர். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் தோள் இரண்டும் இறங்கின. முகம் லேசானது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஊசியை வெளியே எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தும்போது தினமும் அறுபது தடவை பார்க்கிற முகம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவருக்கு முன்னாலேயே என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. அப்பாடா என்று இருந்தது. அதற்கு அப்புறம்தான் வெட்கம் வந்தது, காது மடல் சுடுகிற அளவுக்கு வந்தது.

போனை வைத்ததும் கேட்டேன். "உங்களுக்கு அக்கா வர்றதுல இஷ்டமில்லையா?"

"இஷ்டமில்லாமலா?" என்று குவியல் மேலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் உளியின் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவ வந்தா அந்தக் கண்ணை நான் தினமும் பாக்கணும். நான் படிக்கணும்னுதான் அவ அந்த மெஷின்ல உக்காந்தா. படிச்சு என்னத்தக் கிழிச்சேன்? பாட்டில் பொறுக்கிட்டிருக்கேன். சரி, இந்த ரூமையாவது ஒரு குறை இல்லாம பண்ணிட்டு அப்புறம் கூப்பிடலாம்னு நெனச்சேன். போகப் போக..."

"போகப் போக?"

"குறை இருந்தா நல்லாருக்கும்னு ஆயிடுச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரெண்டாவது பூச்சுல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றேன். "டார்ச் பிடிச்சது நான்தானே. ஊசி, உளி, அதுக்கு மேல இன்னொருத்தரையும் பாத்துக்கணுமான்னு இருந்துச்சு. இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப்போகுதேன்னு சந்தோஷமா பிடிச்சேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. என் தலையிலிருந்து ஒரு சில்லை எடுத்துக் கீழே போட்டார், அவ்வளவுதான்.

"செவ்வாக்கிழமை அரைநாள் லீவு போட்டு நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன். "நீங்களும் சீக்கிரம் வந்து கட்டிலைக் கொண்டுவந்து போடுங்க. அந்தச் சுவரை மட்டும் தொட்டீங்க, நான் உங்க அக்காவோட அந்த விடுதிக்கே போயிடுவேன்."

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அக்காவின் இரண்டு மாடியையும் ஏறினேன். முழங்கால் இரண்டும் தனித்தனியாகத் திட்டின. அக்கா கிளம்பி, மடியில் பையை வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குரல் கொடுத்ததும் முகம் மலர்ந்தது.

"நீ எதுக்கும்மா லீவு போட்ட? விடுதிக்காரங்களே ஆள் அனுப்பறேன்னாங்களே."

"விடுதிக்கு இல்லக்கா. வீட்டுக்கு."

"முடிஞ்சிருச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதை உங்க தம்பிகிட்டயே கேளுங்க" என்றேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. பையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். தையலை எண்ணுகிறார் என்று தோன்றியது. "எனக்குக் கண்ணுதான்மா தெரியல. ஒன்றரை வருஷமா கொஞ்சம், கொஞ்சம்னா என்ன அர்த்தம்னு தெரியும். சொமையா வர்றதுல எனக்கு இஷ்டமில்ல."

"சொமைதான்க்கா" என்றேன். எப்படி வந்ததோ, வந்துவிட்டது. "ஆனா சிமெண்ட் மூட்டையைவிடக் கம்மிதான். அதையே நான் ஒத்தை ஆளா தூக்கறேன்."

அக்கா சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார். படியிறங்கும்போதே நான் விடுதிக்குப் போன் செய்து அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், வேலை கேட்டு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. குவியலை அள்ளிக் கொட்டியிருந்தார். தரையை இரண்டு தடவை துடைத்திருந்தார் போல, ஈர வாசனை வந்தது. பின்பக்கத்து அறையில் கட்டில் போட்டிருந்தது. சுவரைத் தொடவில்லை.

அக்கா அறை வாசலில் என் கையை விட்டார். தன் கையைச் சுவரில் வைத்து மெல்ல நடந்தார். முதல் சுவர் வழவழவென்று இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். மூலையில் திரும்பினார். அப்புறம் ஜன்னல் சுவர்.

கை நின்றது. செங்கல்லைத் தடவினார். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து ஜன்னல் வரை போனார், ஜன்னலுக்கு அப்புறம் மறுபடியும் அந்தக் கோடி வரை போனார்.

"முடிஞ்சிருச்சாடா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அக்காவின் எதிரில் போய் நின்று, நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒருநாளும் பார்க்காத மாதிரி, நேராக அந்தக் கண்ணைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சுக்கா."

அக்காவின் கை அப்போதும் செங்கல் மேல்தான் இருந்தது. அதை எடுத்து, காற்றில் தேடி, இவர் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரலால் தடவினார், சுவரைத் தடவியது போலவே.

"முடிஞ்சிருச்சுன்னா சரி" என்றார். "ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க."

மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தோம். எதிரே அந்தச் சுவர் இருந்தது. இவர் அதைப் பார்க்கவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.