நாப்லா கட்டிய வீட்டுக்கு இரண்டு வாசல்

முப்பத்தாறு வயதில் நாப்லாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தான் மாட்டிய கொக்கியிலேயே கெட்டிலைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அண்ணன் கோல்மன் வீட்டில் அது நடக்காது. அடுப்புக்கு மேலே தொங்கும் வலப்பக்கக் கொக்கியில் நாப்லா கெட்டிலை மாட்டுவாள். ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே வருவதற்குள் அண்ணி ஹனோரா அதை இடப்பக்கக் கொக்கிக்கு மாற்றியிருப்பாள். சண்டை கிடையாது, முகம் கோணுவது கிடையாது. ஹனோரா கெட்டவளும் அல்ல. அவள் வீட்டுக் கெட்டில், அவள் இஷ்டத்துக்கு மாட்டுகிறாள். அது அவள் வீடு என்பதில்தான் நாப்லாவுக்கு வயிற்றெரிச்சல். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று முதலில் சொன்னவர் நிச்சயம் அண்ணன் வீட்டில் காலம் தள்ளியவராகத்தான் இருப்பார்.

தாய்மாமன் செத்துப்போனபோது குன்றடியில் ஒரு துண்டு நிலம் அவளுக்கு வந்தது. மேலே பாறை, கீழே சதுப்பு, நடுவில் ஒரே ஒரு வீட்டுக்கு இடம். பன்றி விற்றதும் கம்பளிக் காலுறை பின்னி விற்றதுமாகக் கையில் கொஞ்சம் இருந்தது. கொத்தனார் ஃபெஸ்டியைப் போய்க் கூப்பிட்டாள்.

எங்கள் கோனமாராவில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் அனுமதி கேட்பது பாதிரியாரிடம் அல்ல, குன்றுக்குள் வாழும் சாவில்லாத மாய மனிதர்களிடம். அவர்களை நாங்கள் நல்ல ஜனங்கள் என்போம். நல்லவர்கள் என்பதால் இல்லை, நாம் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால். கேட்கிற முறை எளிது. சாயங்காலம் வீட்டின் நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்துவிட்டு வர வேண்டும். விடிந்து பார்க்கும்போது கல் வைத்த இடத்தில் இருந்தால் கட்டலாம். நகர்ந்திருந்தால், அது அவர்கள் நடக்கிற வழி, வேறு இடம் பார்த்துக்கொள் என்று அர்த்தம். இதில் அப்பீல் எல்லாம் கிடையாது.

நாப்லாவின் கற்கள் நகர்ந்திருந்தன. ஃபெஸ்டி தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"வேற இடம் பாரு தங்கச்சி."

"வேற இடம் எங்க இருக்கு அண்ணே? பாறை மேலயா, சதுப்புக்குள்ளயா?"

இரண்டடி தள்ளி மறுபடி வைத்தாள். மறுபடியும் நகர்ந்தன. இன்னொரு தடவை வைத்தாள். இந்த முறை ஃபெஸ்டி வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நாப்லா மட்டும் உள்ளே போய்க் குனிந்து பார்த்தாள். கற்கள் சிதறவில்லை. நான்கும் சதுரம் கலையாமல், ஒழுங்காக, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

ஊரில் வேறு யாராக இருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டு ஓடியிருப்பார்கள். நாப்லாவுக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் வீட்டு அடுப்பங்கரையை விட்டு இவ்வளவு தூரம் வந்தும், அவள் ஒன்றை வைத்தால் இன்னொரு இடத்துக்கு மாற்ற ஒரு கை முளைத்துவிட்டதே என்ற கோபம்.

ஜூன் மாதம். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் சூரியனுக்குத் தூக்கம் வராது. அன்று சாயங்காலமும் கற்களை வைத்துவிட்டு, மறுநாள் விடியலின் முதல் வெளிச்சத்திலேயே அவள் வேலியைத் தாண்டிக் குதித்தாள். அங்கே ஒருவன் கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். தலைமுடி மட்டும் குருவி கலைத்துப் போட்டதுபோல் இருந்தது. வெயில் அவன் தோளில் விழுந்தது, தரையில் நிழல் விழவில்லை. நாப்லா அதையும் பார்த்தாள், கல்லையும் பார்த்தாள். கல்தான் முக்கியம் என்று முடிவு செய்தாள்.

"யோவ், அதைக் கீழ வை."

"வைக்கத்தான் வந்திருக்கேன். எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறேன்."

"என் கல்லு, என் நிலம். நீ யாருய்யா யோசிக்க?"

"ஃபீக்ரா. இந்த வழியைப் பார்த்துக்கிறவன். உங்க மாமனோட தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே இது எங்க வழி அம்மணி. வேற யாராவது பார்த்திருந்தா உன் கல்லு நாலும் சதுப்புக்குள்ள போயிருக்கும். நான் எறிஞ்சேனா? முதுகு ஒடிய ஒடியத் திருப்பி வச்சிருக்கேன். நன்றி கெட்ட உலகம்."

"எதுக்குத் திருப்பணும்?"

"நீ வச்சபடி கட்டினா காத்து அடிக்கிறப்போ அடுப்புப் புகை பூரா உன் கண்ணுலதான். இப்போ நின்னு பாரு. முன்வாசல் குன்றைப் பார்க்குது, பின்வாசல் ஏரியைப் பார்க்குது. எங்க வழி முன்னால புகுந்து பின்னால போயிடும். நாங்க வருஷத்துல ரெண்டு தரம்தான் வீடு மாத்துவோம். மே மாசம் ஏரியில இருந்து குன்றுக்கு. அப்புறம் அக்டோபர் கடைசியில, சகல புனிதர் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் குன்றுல இருந்து ஏரிக்கு. அன்னைக்கு ரெண்டு கதவையும் திறந்து வச்சுட்டு நீ பாட்டுக்கு உட்கார்ந்திரு. யாரும் உன்னைத் தொடமாட்டாங்க."

"உனக்கு இதுல என்ன லாபம்?"

அவன் கல்லைக் கீழே வைத்தான். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒரு தடவை நகர்ந்தாலே எல்லாரும் ஓடிடுவாங்க. நீ திரும்பத் திரும்ப வந்து வச்ச. இந்தப் பொம்பள பக்கத்துல இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு."

திட்ட வாயெடுத்த நாப்லா, குனிந்து கல்லில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவள் பக்கத்தில் இருந்தால் நல்லா இருக்கும் என்று அதுவரை ஆடுகூடச் சொன்னதில்லை.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். நாப்லா இரண்டாவதைப் பார்த்தாள். ஃபெஸ்டி புலம்பிக்கொண்டே சுவர் எழுப்பினார். "ஊருக்கே முதுகைக் காட்டுற வீட்டை என் கையால கட்ட வச்சுட்டியே தங்கச்சி. நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?" அவர் வேலை முடித்துப் போனதும் சாயங்காலங்களில் ஃபீக்ரா வந்து மதில்மேல் உட்கார்ந்துகொள்வான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ரகம். ஜன்னல் சின்னது என்பான், கூரைக்குப் போட்ட கோரை மட்டம் என்பான், சுண்ணாம்பு போதாது என்பான். ஒரு துரும்பைத் தூக்கிப் போட மாட்டான்.

"அவ்வளவு தெரிஞ்சா இறங்கி வந்து செய்யேன்."

"யோசனை சொல்றவன் வேலை செஞ்சா யோசனைக்கு மரியாதை இல்லாம போயிடும்."

அவன் வராத சாயங்காலங்களில் அவளுக்குச் சோறு, அதாவது உருளைக்கிழங்கு, இறங்கவில்லை. இதை அவள் ரொம்ப நாள் கிழங்கின் குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூரை வேய்ந்து முடிந்த அன்று ஃபீக்ரா மதிலைவிட்டு இறங்கி அவள் அருகே வந்து நின்றான்.

"குன்றுக்குள்ள வந்துடு நாப்லா. இந்த வீடு எதுக்கு? அங்க ஒரு கூடம் இருக்கு, இந்த ஊர் மொத்தமும் அதுக்குள்ள ஆடலாம். பாட்டு நிக்காது. யாருக்கும் தலை நரைக்காது. நான் உன்னை நல்லா வச்சுக்குவேன்."

நாப்லாவுக்கு மயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள். "அது யாரு வீடு?"

"எங்க ராணியோடது."

"அப்போ கெட்டிலை எங்க மாட்டணும்னு அந்தம்மா சொல்வாங்க."

"அங்க கெட்டிலே கிடையாது."

"இன்னும் மோசம். நீ இங்க வந்துடு ஃபீக்ரா."

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அப்படி அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"கூட்டம் ஏரிக்குள்ள இறங்கிட்டா அந்தப் பக்கக் கதவு மூடிக்கும். பின்தங்கினவன் மனுஷன்தான். பல்வலி வரும், முடி கொட்டும், உங்க அண்ணன் பேச்சைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும், ஒருநாள் செத்தும் போகணும். நீ என்ன கேக்குறன்னு உனக்குத் தெரியுதா?"

தெரிந்தது. அதனால் அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. அதன்பிறகு அவன் மதில்பக்கம் வருவதும் குறைந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சங்கதி ஹனோராவின் காதுக்கும் போயிற்று. புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் முந்தானைக்குப் பதிலாகத் தோளில் போட்டிருந்த சால்வைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். வெளியே எடுத்தால் இரும்புத் தாழ்ப்பாள்.

"பின்கதவுல இதை மாட்டு. கூட்டம் போகும். உன் ஆளு வழிகாக்கிறவன், கடைசியாத்தான் வருவான். அவன் உள்ள கால் வச்சு, முன்னால போனவங்க எல்லாம் வெளிய போனதும், கதவைச் சாத்தி இதைப் போட்டுடு. அவங்களுக்கு இரும்பு ஆகாது, தொட மாட்டான்; வந்த வழியே திரும்பவும் அவங்களால முடியாது. கூட்டம் ஏரிக்குள்ள இறங்கிடும். அப்புறம் எங்க போவான்? எங்க அம்மா ஊர்ல ஒருத்தி அப்படித்தான் பிடிச்சா. ஏழு பிள்ளை."

"அவன் சந்தோஷமா இருந்தானா அண்ணி?"

ஹனோரா யோசித்தாள். "அதை யாரு கேட்டா? என்னையும் உங்க அண்ணனுக்குப் பேசி முடிச்சப்போ யாரும் கேக்கல. சாமான் மாதிரி வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. நான் குடும்பம் நடத்தலையா?" புது அடுப்பின் கல்லைத் தடவிப் பார்த்தாள். "அந்த வீட்டுல என் கைக்கு வசப்பட்டது அந்த அடுப்பு ஒண்ணுதான் நாப்லா. தப்பா எடுத்துக்காத."

அவள் போன பிறகு நாப்லா வெகுநேரம் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆணி எடுத்து மாட்டினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு ஆசை.

இருட்டத் தொடங்கியது. நாப்லா இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டுப் பின்கதவின் ஓரத்தில் நின்றுகொண்டாள். முதலில் வேட்டை நாய்கள் வந்தன, ஒன்று அடுப்பருகே கொட்டாவி விட்டுவிட்டுப் போனது. பின்னால் யாழ்க்காரர்கள், குதிரைமேல் சீமான்கள், தரை ஈரம் படாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்த சீமாட்டிகள். ஒரு கிழவர் நின்று அடுப்பிலிருந்த பானைக்குள் எட்டிப் பார்த்தார். முட்டைக்கோசும் கிழங்கும் மசித்து வைத்திருந்தாள். "வெண்ணெய் பத்தாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். ராணி வந்தபோது அறையே வெளிச்சமாயிற்று. அவள் ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நாப்லா வாயைத் திறக்கவில்லை. வழிப்போக்கர்களோடு என்ன பேச்சு?

கடைசியாக ஃபீக்ரா வந்தான். முன்னே போனவர்கள் எல்லாரும் வெளியேறியிருந்தார்கள். அவன் வீட்டு நடுவில் நின்றான். அவளைப் பார்த்தான். பிறகு அவள் கைக்குமேல் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் ஓடவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்திக்கொண்டான்.

ஒரு தள்ளு போதும். அவள் அவனை நேசித்தாள், உயிராக நேசித்தாள். இனி இன்னொருவன் மதில்மேல் வந்து உட்காரப் போவதில்லை என்பதும் தெரியும். அண்ணன் வீட்டில் யாரும் அவளைப் பூட்டி வைத்ததில்லை. போக வேறு இடம் இல்லாததே பூட்டாக இருந்தது. இப்படித்தான் அவளும் அந்த வீட்டில் தினமும் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறாள்.

கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தாள்.

"போ ஃபீக்ரா. அவங்க ஏரிக்கரைக்குப் போயிட்டாங்க. நிக்காத."

அவன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு வாசலைத் தாண்டி இருட்டில் இறங்கிப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஏரிப்பக்கம் யாழ்ச்சத்தம் அடங்கியது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிச்சம். நாப்லா அடுப்பின் முன் உட்கார்ந்து, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே, வீடு முழுக்கத் தன்னுடையது என்பதால் சத்தம் போட்டு அழுதாள்.

முன்கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்து கிடக்கிற கதவை யார் தட்டுவார்கள்? திரும்பிப் பார்த்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான், கால் முழுக்கச் சேறு. மழையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றிருந்தான்.

"கதவு திறந்துதானே இருக்கு?" என்றாள்.

"அது வழிக்குத் திறந்தது. வழியில போறவன் யாரையும் கேக்க வேண்டாம். வீட்டுக்குள்ள வர்றவன் கேக்கணும்ல?" அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "உள்ள வரட்டுமா நாப்லா?"

அவள் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"காலைத் துடைச்சுட்டு வா."

துடைத்துக்கொண்டு வந்தான். அடுப்பின் முன் நின்றான். பல் தந்தியடித்தது. தன் கையையே மிரண்டுபோய்ப் பார்த்தான், ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது.

"நாப்லா, என்ன இது? உடம்பு பூரா யாரோ ஊசி குத்துறாங்க."

"அது குளிர்."

"எப்போ போகும்?"

"மே மாசம்."

"மே மாசமா?" ஃபீக்ரா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அப்புறம் எதுக்கு ரெண்டு கதவையும் ஆன்னு திறந்து போட்டுட்டு நிக்கிற? சாத்து, சீக்கிரம் சாத்து."