கை வலிக்காத கிட்டார்

தலையில் முடி இருந்த காலத்தில் வைத்த பெயர் சுருட்டை. முடி போய்விட்டது, பெயர் போகவில்லை. அவர் முன்னால் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். தன்னுடையதைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். அவர் பிறந்த வருஷமே செய்தது அது. சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கட்டைவிரல் உரசி உரசிக் கழுத்தின் பின்பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது.

"வயசாக வயசாக இளகுது. தொட்டாப் போதும், சத்தம் வரும். புதுசுல இந்தச் சுகம் கிடைக்குமா?" என்பார்.

கேட்டுக் கேட்டு இசைக்குழுவில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவள் அவர் மனைவி. பேஸ் கிட்டார் அவள் தம்பி. தப்பி ஓட வழியில்லாத கூட்டம், பாவம்.

இந்தப் பீற்றலுக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் எழுந்தால் இடது கை விரல்கள் வீங்கி, மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடு. ஆனால் கிட்டாரை மடியில் வைத்தால் விரல்கள் ஓடின. ஓடும் வரைக்கும்தான் தான் கிட்டார்காரன், நின்றுவிட்டால் ஒன்றுமில்லை என்று அவர் முடிவு கட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் ஒத்திகை அறைக்கு மைத்துனன் ஒரு கிட்டாரோடு வந்தான். அதே கம்பெனி, அதே வருஷம்.

"மாமா, உங்களுதோட கூடப்பிறந்தது. வாசிச்சுப் பாருங்க."

சுருட்டை வாங்கிக் கம்பிகளில் விரல் பதித்து மீட்டினார். கம்பி விரலைக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார். பாதிக் கம்பிகள் ஒலிக்காமல் 'டப்' என்று அடங்கின.

"இதெல்லாம் ஒரு கிட்டாரா? வெறும் மரக்கட்டை. எவனோ உன் தலையில நல்லா கட்டிட்டான்."

மைத்துனனுக்குச் சுருக்கென்றது. திரும்ப வாங்கித் தானே வாசித்தான். கணீரென்றுதான் இருந்தது. பிறகு சுருட்டையின் கிட்டாரை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மாமா, கம்பி நூல் மாதிரி இருக்கு? கத்துக்க வர்ற சின்னப் புள்ளைங்களுக்குப் போடுறதாச்சே. கம்பியைத் தாங்குற பிரிட்ஜையும் அடியோட இறக்கியிருக்கு. இதுல யாருக்குத்தான் விரல் ஓடாது?"

சுருட்டைக்குக் கம்பி மாற்றுவது மனைவிதான். கண்ணாடி போட்டும் கம்பி முனை துளைக்குள் நுழையவில்லை என்று அந்த வேலையை அவளிடம் விட்டிருந்தார். அவள் இப்போது நிமிராமல் டிரம்ஸில் ஏதோ ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு விஷயம் உறைத்தது. ஃபோன் வந்த மாதிரி வெளியே நழுவினான்.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"கம்பி வழுக்குதுன்னு ஒரு கச்சேரியில பாதியில நிறுத்துனீங்களே, அப்போலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்துனேன். ஒரேயடியா மாத்துனா கண்டுபிடிச்சிருப்பீங்க."

"ஊர் பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே! நீயும் பேசாம கேட்டுக்கிட்டு இருந்தியே!"

"கை முடியலைன்னு தெரிஞ்சா நீங்க பொட்டியில வச்சுப் பூட்டியிருப்பீங்க. அதுக்கு நீங்க பீத்திக்கிறதே தேவலைன்னு இருந்தேன்."

அவருக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. அழ வெட்கமாக இருந்ததால் கோபத்தையே வைத்துக்கொண்டார்.

"அப்போ கொஞ்ச நாளாப் பாட்டெல்லாம் மெதுவாப் போகுதே, அதுவும் எனக்காகத்தானா? அந்தப் பரிதாபம் வேறயா?"

"அது உங்களுக்காக இல்லைங்க."

"பின்னே?"

"என் தோளுக்காக. வலது கையைத் தூக்கவே முடியலை. ரொம்ப நாளாச்சு."

மேடையில் அவர் முன்னால் நிற்பார், அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருஷத்தில் வாசிக்கும்போது ஒருதரம்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் புரிந்தது.

நாற்காலியை இழுத்து டிரம்ஸுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, கிட்டாரோடு உட்கார்ந்தார்.

"உனக்கு எந்த வேகம் தோதோ, அதுல ஆரம்பி. நான் பார்த்துக்கிட்டே வரேன்."