மசக்கை என்று பெயர் வைத்தோம்

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு மூக்கு இவ்வளவு நீளக் கூடாது. துவைத்து வந்த சட்டையில்கூட, போட்டிருந்தவரின் வியர்வை எனக்குத் தனியாகத் தெரிந்தது. சோப்பு வாடை குமட்டியது. முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சி அண்ணன். சட்டைக்குப் போடுகிற கஞ்சியைக்கூட அளந்துதான் கொடுப்பார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே அவருடைய தலையெண்ணெய் என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

"மோப்ப நாய வேலைக்கு வச்சிட்டேன் போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பெயர் வைத்தது என் மாமியார்தான். "மசக்கைடி!"

அந்த ஒரு சொல்லுக்காகக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவள் நான். இறுகப் பிடித்துக்கொண்டேன். நாளும் தள்ளிப் போயிருந்தது. உப்பை விரலால் தொட்டுத் தொட்டு நக்கினேன். "வாய் கேக்குது, தின்னட்டும்" என்றார் அத்தை. எழுந்தால் தலை சுற்றியது, அதுவும் மசக்கை. முகம் கறுத்தது, ஆண் பிள்ளை என்று முடிவே கட்டிவிட்டார். மருந்துக்கடையில் வாங்கிய சோதனை அட்டை மட்டும் 'இல்லை' என்றது.

"அட்டைக்கு என்னடி தெரியும்? அது என்ன நாலு பெத்ததா?"

என் வீட்டுக்காரர் மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் அடிப்பவர். குளித்துவிட்டு வந்தாலும் அந்த வாடை என் வயிற்றைப் புரட்டியது. பாவம், தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். "உள்ள இருக்கிற துரை என்னை வெளிய தள்ளிட்டாரு" என்று பட்டறை முழுக்கப் பெருமையடித்தார்.

ஒருநாள் இஸ்திரி மேஜையடியிலேயே சரிந்தேன். கஞ்சி அண்ணன்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

டாக்டரம்மா என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஜோசியம் சொல்லப்போகிறாரோ என்று நினைத்தேன். ரேகைகளெல்லாம் மை தடவியதுபோல் கறுத்திருந்தன. ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்தது.

"குழந்தை இல்லைம்மா. சிறுநீரகத்துக்கு மேல ஒரு சின்ன சுரப்பி இருக்கு, அது படுத்துடுச்சு. வாசனை தூக்கலா தெரியுறது, உப்பு கேக்குறது, கறுக்குறது எல்லாம் அதனாலதான். இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்டா மூக்கு பழையபடி ஆயிடும்."

பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அத்தை மேல், அந்த அட்டை மேல், எல்லாவற்றையும்விட என் மேல். ஓயாமல் பேசுகிற அத்தை என் கால்மாட்டில் உட்கார்ந்து, சரியாகவே இருந்த போர்வையைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். உடம்பு தேறியது. ஒரு சாயங்காலம் சமையலறையில் திரும்பினால், பின்னால் அவர், பட்டறைச் சட்டையோடு. எப்போது வந்தார் என்றே எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ, குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று பதறிப் பின்வாங்கினார்.

"வேணாம். இப்ப எனக்கு ஒண்ணும் பண்ணலைங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. வார்னிஷ் கறை படிந்த அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து, ஒரே ஒரு தடவை குமட்டாதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.