பிரதீபாவின் பென்சில் எழுத்து

பிரதீபாவின் அம்மா வந்தபோது நான் கடைசிப் பக்கமான இருபத்திரண்டாவதையும் அழித்து முடித்திருந்தேன்.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் எங்கள் காமிக்ஸ் ஆபீஸ். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பிரதீபா அக்கா படம் வரைந்து அனுப்புவாள். பேச்சு பலூன்களுக்குள் வசனத்தைப் பென்சிலால் லேசாகக் கிறுக்கியிருப்பாள். அதன் மேல் நான் கறுப்பு மையில் எழுத வேண்டும். மை காய்ந்ததும் பென்சில் துளியும் தெரியாமல் ரப்பரால் அழித்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த வேலை கிடைத்ததே கையெழுத்தால்தான்.

போன மாதம் மாமல்லபுரம் ரோட்டில், மணலில் ஸ்கூட்டி சறுக்கி அக்கா இறந்துபோனாள். அவள் கடைசியாக அனுப்பிய கதை என் மேஜையில் இருந்தது. அவளுக்காக இதைப் பிசிறில்லாமல் முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் எழுதினேன், அழித்தேன்.

அவள் அம்மா லோகநாயகி எடிட்டருக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அவ கையால எழுதுனது ஏதாவது ஒண்ணு வேணும் சார். வீட்ல எதுவுமே இல்ல. ஸ்கூல் நோட்டெல்லாம் குவார்ட்டர்ஸ் மாறினப்ப நான்தான் பழைய பேப்பருக்குப் போட்டேன். அப்புறம் எல்லாமே போன்லதான். படத்துலயே பென்சில்ல எழுதுவான்னு நீங்க அவ அப்பாகிட்ட சொன்னீங்களாமே."

"கீதும்மா, எல்லாம் இங்கதான் கீது," என்றார் எடிட்டர் பார்த்தசாரதி. "கவியா, அந்தப் பக்கத்தெல்லாம் எடு."

எனக்குக் கை எழவில்லை. அவரே வந்து எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா முதல் பலூனைத் தொட்டார்.

"இது அவ எழுத்தா?"

எடிட்டர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா. அவளுதுதான்."

அப்படியே விட்டிருக்கலாம். யாரிடமும் வாய் திறக்காதவள் நான். ஆனால் அந்த அம்மா என்னுடைய எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அது நான் எழுதுனதும்மா. அக்காவோடத அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"அழிச்சாதான் அச்சுக்குப் போவும்."

பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் நன்றாகவே அழித்திருந்தேன்.

"போன்ல போட்டோ எதுனா எடுத்தியா?" என்றார் எடிட்டர். இல்லை என்று தலையசைத்தேன். "இன்னா பொண்ணு நீ, ஒரு பக்கத்த வுட்டு வெச்சிருக்கக் கூடாதா." பிறகு குரல் இறங்கியது. "நான்தான் சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னு பேஜார் பண்ணிகினு இருந்தேன்."

"அழிச்ச தூளெல்லாம் எங்கம்மா போடுவீங்க?" என்று கேட்டார் அம்மா.

"நேத்தே முடிச்சிட்டேன். காலைல பெருக்கிட்டாங்க."

அவர் அழவில்லை. "என்னதான் எழுதியிருந்தா?" என்றார்.

"வசனம் அப்படியேதான் இருக்கு. ஓரத்துல எனக்கும் எதுனா எழுதுவாங்க. டீ குடிச்சியான்னு. எடிட்டர் மண்டைய வில்லனுக்கு வெச்சிருக்கேன், சொல்லிடாதன்னு." எடிட்டர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "பதினேழாம் பக்கத்துல..."



"சொல்லும்மா."

"‘எங்கம்மா என்னை எழுப்பற மாதிரி இருக்கணும், பெருசா எழுது’ன்னு போட்டிருந்தாங்க."

அவர் பதினேழாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். கதையில் ஒரு தாய், தூங்கும் மகளின் போர்வையை இழுக்கிறாள். பலூனில் ஒரே வார்த்தை. அதை நான் பலூன் கொள்ளும் மட்டும் பெரிதாக எழுதியிருந்தேன்.

"எந்திரிடி," என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து, வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். கீழே மெடிக்கல் ஷாப்பில் பேச்சு நின்றது. இரண்டாவது முறை அவர் கூப்பிடவில்லை. பக்கங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி மேஜையில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார். எடிட்டர் பின்னாலேயே ஓடினார்.

அந்தப் பலூனுக்கு வெள்ளை பூசிக் காயவைத்தேன். மறுபடி எழுதினேன். மூன்று முறை எழுதினேன். கடைசி முறை பலூனின் கோட்டைத் தாண்டியே எழுதிப் பார்த்தேன். அப்போதும் போதவில்லை.